நான்காவது வட்டம்

மறுபடியும் எதிரொலி எழுந்தது.

அவள் ஒலி அனுப்பும் புரோபைப் பலகையிலிருந்து எடுக்கவில்லை. விரலால் ஜெல்லை வழித்துவிட்டு, அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

திரையில் பச்சைக் கோடு கூராக உயர்ந்து நின்றது.

பசை பிடித்திருந்தால் ஒலி அடிப்பலகைக்குள் இறங்கிப் போயிருக்கும். இங்கே போக வழியில்லாமல் திரும்பி வருகிறது.

சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டாள்.

"நாலு, சார்."

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள்.

காற்றாலை இறக்கை செய்யும் ஆலை அது. இரண்டு ஃபைபர் ஓடுகளைப் பசையால் ஒட்டினால் ஓர் இறக்கை. பசை உள்ளே பிடித்திருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. மீயொலியை அனுப்பிக் கண்டுபிடிப்பது ஜெபக்கனியின் வேலை.

போன வாரம் அடுத்தடுத்து மூன்று இறக்கைகளைக் குறை என்று அவள் தள்ளிவிட்டிருந்தாள்.

மேலாளர் சௌந்தரபாண்டி அதை நம்பவில்லை. அதனால்தான் இந்தப் பரீட்சை. ஒட்டிய பலகைக்குள், பசை பிடிக்காதபடி டேப் துண்டுகளை மறைக்கச் சொல்லி, மேலே சாயம் பூசி, காலை பத்து மணிக்கு எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தியிருந்தார்.

"மாசானம், எத்தன வச்ச?"

மாசானம் முன்னால் வந்தார். பதினாறு வருடமாகப் பசை போடுகிறவர். இந்தப் பலகையை ஒட்டியதும் அவர்தான்.

"மூணு சார். எங்கையாலதான் வச்சேன்."

பிறகு அவள் பக்கம் திரும்பி, மெதுவாக, "இன்னொரு தடவ பாத்துரு தங்கச்சி" என்றார்.

பார்த்தாள்.

"நாலு, அண்ணாச்சி."

மேலாளர் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார்.

"இல்லாததெல்லாம் தெரியுது இந்தம்மாவுக்கு. அந்த மூணு இறக்கையும் இப்படித்தான்."

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். மாசானம் மட்டும் சிரிக்கவில்லை.

அவளுக்குக் காது எரிந்தது.

அதோடு விட்டிருக்கலாம்.

"வெட்டிப் பாருங்க சார்."

ரம்பம் ஓடியது. வெள்ளைத் தூள் பறந்தது. மூன்று வட்டங்களுக்கு அடியில் மூன்று டேப் துண்டுகள்.

நான்காவதில் டேப் இல்லை. பசை முழுசாக, கனமாக இருந்தது.

அவள் ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இடுக்கில் நுழைத்தாள்.

மேல்துண்டு சத்தமே இல்லாமல் கையோடு வந்தது.

ஒட்டாத பரப்பு வழவழவென்றிருந்தது. நடுவே எண்ணெய்ப் பிசுக்கு. அதில் ஒரு கட்டைவிரல் ரேகை, ஒரு கோடு கலையாமல்.

சிரித்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

ஒரு மூச்சு நேரம்தான்.

மேலாளர் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரு விரல், மாசானம்?"

"கையுறை கிழிஞ்சிருந்துச்சு சார். புதுசு கேட்டிருந்தேன்."

"அந்த மூணு இறக்கைக்கும் நீதான பசை போட்ட?"

"ஆமா சார்."

மேலாளர் முகம் மலர்ந்தது.

"அப்ப இறக்கையில குறை இல்லப்பா. ஆளுகிட்டதான் குறை. ஆள எடுத்துட்டா சரியாப் போச்சு."

ஜெபக்கனியைப் பார்த்து, "கெட்டிக்காரிம்மா நீ" என்று கைதட்டினார்.

எல்லோரும் கைதட்டினார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மாசானத்தின் அடையாள அட்டையைப் பிடுங்கிவிட்டார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவள் மேசைக்கு மூன்று தாள்கள் வந்தன. மூன்றிலும் ஒரே வரி. 'மறுபரிசோதனையில் குறை இல்லை.'

"சார், இறக்கை இன்னும் அப்படியேதான இருக்கு? யாரும் தொடவே இல்லையே."

மேலாளர் பேனாவை நீட்டினார்.

"போடலேன்னா சொல்லு. அவன் இன்னும் வெளிய பஸ்ஸுக்குத்தான் நிக்கான். ரெண்டு பேரும் சேந்தே போயிரலாம்."

மூன்று கையெழுத்து.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

மூன்று மணிக்கு முதல் இறக்கையை ஏற்றிய நீள லாரி வாசலுக்கு வந்தது. திரும்ப முடியவில்லை. இறக்கையின் வால் மதிலை இடிக்கப் போனது. பின்னால் பார்க்க ஆள் இல்லாமல் டிரைவர் கத்தினார்.

இன்னும் பஸ் வராமல் சாலையோரம் நின்ற மாசானம் சாப்பாட்டுப் பையைத் தரையில் வைத்தார். ஓடி வந்தார்.

"வரட்டும்... வரட்டும்... லேசா ஒடிச்சு வா... நில்லு. இப்ப வா."

ஒரு கீறல் படாமல் இறக்கையை வெளியே கொண்டுவந்தார்.

சாலையில் ஏறி லாரி தெற்கே போனது. அப்போதுதான் மாசானம், வாசலில் நின்ற அவளைப் பார்த்தார்.

"நீ தள்ளுன இறக்கைதான இது? சரி பண்ணியாச்சா தங்கச்சி?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சட்டையில் அட்டை குத்தியிருந்த இடத்தில் ஊசித் துளை இருந்தது.

"நீ பாத்துட்டேல்லா?" என்றார் மாசானம்.

தலையசைத்தாள்.

"அது போதும். எங்கையால ஒருத்தருக்கு ஒண்ணு ஆயிரக் கூடாதுல்லா. காலையிலேருந்து அதான் ஓடிக்கிட்டே இருந்துச்சு."

அவர் முகம் தெளிந்தது. பையை எடுத்துத் தூசி தட்டினார்.

உள்ளே, இரண்டாவது லாரியைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

மாசானம் பையை மறுபடி கீழே வைத்தார்.