கறையான் வீட்டுப் படிப்பு

நீங்கள் நம்பாவிட்டாலும் நடந்தது நடந்ததுதான். ஒரு பள்ளிக்கூட அலமாரியில் ஒரு கறையான், தன் மகனை உயிரியல் கைடு முன்னால் உட்காரவைத்தது.

"தின்னுடா. அப்பதான் டாக்டராவே."

"கசக்குதுப்பா. ஓவிய நோட்டுல மயில் இருக்கு, அதைத் தின்னவா?"

"மயிலைத் தின்னா வேலை கிடைக்குமா? மேல்தட்டு மாமா மகனைப் பாரு, நுழைவுத் தேர்வு கைடை முழுசாத் தின்னான்."

"இப்ப என்ன பண்றான்?"

"மூணாவது வருஷம், மூணாவது கைடு."

"நீங்க என்னப்பா தின்னீங்க?"

"கணக்கு. ஒரு பக்கம் மிச்சம் வைக்கலை."

"இப்ப?"

"அலமாரி அரிக்கிறேன்."

"ஓவிய நோட்டைத் தின்ன சித்தப்பா?"

"அவனும் இதே அலமாரிதான்."

சொல்லிவிட்டு அப்பா கறையான் சற்று யோசித்தது. அம்மா வருகிறாளா என்று எட்டிப் பார்த்தது. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னது:

"அந்த மயில் தோகையில எனக்கும் ஒரு ஓரம் வைடா."