ஒலியியல் வகுப்பு

இணைய வகுப்புத் தொடங்க ஐந்து நிமிடம் இருந்தது. ஜெனிற்றா மெய்நிகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வாசலைப் பார்த்தாள்.

போன கிழமை அவள் பேசத் தொடங்கியதும் வீட்டு முன் ஒழுங்கையில் மீன்காரக் கொலின்ஸ் ஹோர்ன் அடித்தார். மெய்நிகர் மண்டபத்தில் இருந்த மாணவர்களின் உருவங்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தன. பத்துப் புள்ளி போயிற்று. இன்றைய இருபதும் போனால் அவள் சித்தியடைய முடியாது.

"பயப்பிடாதை பிள்ளை," என்றார் அப்பா கனிசியஸ். "கொலின்ஸைச் சந்தியிலேயே மறிச்சாச்சு. வள்ளங்களின்ரை எஞ்சினையும் நிப்பாட்டச் சொல்லிப்போட்டன்."

"நாய்?"

"அம்மா அதை மாமி வீட்டை கொண்டுபோயிட்டா."

"நீங்கள் இருமுவியள்."

"நான் கடற்கரையில போய் இருமுறன்."

அவர் கதவைச் சாத்திவிட்டுப் போனார். ஜெனிற்றா கண்ணாடியை மாட்டினாள். மண்டபத்தில் விரிவுரையாளர் நின்றார்.

"இண்டைக்குப் பாடம் இல்லை. எல்லாரும் மைக்கைத் திறந்து, உங்கடை தெருவில கேக்கிற மூண்டு சத்தத்தை எங்களுக்குக் கேக்கப் பண்ணுங்கோ. ஆளுக்கு ஒரு நிமிசம். அதுக்குத்தான் இருபது புள்ளி. ஜெனிற்றா, போன கிழமை உம்மடை ஹோர்ன் சத்தத்தைக் கேட்டுத்தான் இந்த யோசனையே வந்தது. நீர் தொடங்கும்."

ஜெனிற்றா மைக்கைத் திறந்தாள். ஒரு காகம்கூடக் கரையவில்லை.

வகுப்பு முடிந்து அவள் வெளியே வந்தபோது, ஒழுங்கைச் சனம் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றது.

"ஏதும் சத்தம் கேட்டதோ பிள்ளை?" என்று அப்பா மெல்லக் கேட்டார்.

"இல்லையப்பா. ஒண்டுமே கேக்கேல்லை."