ஏழாம் எண் ஆல்பம்

"ஏழாம் நம்பருக்கு விருதுன்னா நான் இப்பவே எழுந்து போயிடுவேன்!" என்று மேசையைத் தட்டினார் விமர்சகர்.

"தாராளமா போங்க, கதவு திறந்துதான் இருக்கு" என்றார் பாடகி. "அதைக் கேட்ட உருக்கத்துல ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கலை."

நாட்டின் சிறந்த இசை ஆல்பத்தைத் தேர்ந்தெடுக்கும் நான்கு பேர் நடுவர் குழு அது. யார் பாடியது என்று தெரியக்கூடாதென்று பத்து ஆல்பங்களுக்கும் வெறும் எண்கள்தான்.

நான்காவது நாற்காலியில் வயலின்காரர் கையிலிருந்த பட்டியலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இருபது வருடம் ஆலாய்ப் பறந்து பிடித்த நடுவர் பதவி. வீடு மாறியவர், புது விலாசத்தைச் சொல்ல மறந்துவிட்டார். அவருக்கு அனுப்பிய இசைத்தட்டுகள் எந்தப் பூட்டிய வாசலில் கிடக்கின்றனவோ! ஒரு பாட்டைக்கூட அவர் கேட்கவில்லை. தெரிந்தால் பதவியும் போகும், மானமும் கப்பலேறும்.

"வயலின் சார், வாயே திறக்கலையே?" குழுத் தலைவர் அவர் பக்கம் திரும்பினார். "ஓட்டு ஒண்ணுக்கு ஒண்ணு சமமா நிக்குது. உங்க ஓட்டுதான் முடிவு. ஏழுல அந்த அஞ்சாவது பாட்டு எப்படி?"

பட்டியலில் பாட்டின் நேரம் மட்டும் இருந்தது. ஒன்பது நிமிடம்.

"கொஞ்சம் நீளம்..." என்று இழுத்தார்.

விமர்சகரின் முகம் மலர்ந்தது. பாடகியின் புருவம் ஏறியது.

"ஆனா, அந்த நீளத்துலதான் உயிரே இருக்கு. நடுவுல ஒரு இடத்துல... அந்த மௌனம்!"

மூவரும் சட்டென்று அவரைப் பார்த்தார்கள். வயலின்காரர் பட்டியலால் முகத்தை மறைத்துக்கொண்டார். தொலைந்தோம்!

"ஆகா, அந்த மௌனம்!" தலைவர் கண்களை மூடினார். "நானும் அங்கதான்யா விழுந்தேன்."

"நான் அழுதுட்டேன்" என்றார் பாடகி.

விமர்சகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மௌனத்தை நான் எங்கே குறை சொன்னேன்? மத்ததைத்தான் சொன்னேன். சரி, ஏழே இருக்கட்டும்."

நால்வரும் கையெழுத்துப் போட்டார்கள். வயலின்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போது மூச்சிரைக்க உள்ளே வந்தார் குமாஸ்தா. நெஞ்சோடு அணைத்தபடி நான்கு பார்சல்கள்.

"மன்னிக்கணும் ஐயா! உங்க நாலு பேருக்கும் அனுப்ப வேண்டிய தட்டுங்க, தபால்ல சேர்க்காம ஒரு மாசமா ஸ்டோர் ரூம்லயே கிடந்திருக்கு. உங்கள்ல ஒருத்தராவது போன் பண்ணி, இன்னும் வரலையேன்னு கேட்டிருக்கக் கூடாதா? இப்ப முதல் தட்டைப் போடட்டுமா?"

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தலைவர் கையெழுத்தான தாளை அவசரமாக உறையில் போட்டார்.

"ஓரமா வைங்க. இப்பப் போய்க் கேட்டா, ஒருமனதா எடுத்த முடிவு கெட்டுப் போயிடும்."