நடுவில் வருகிற இடம்

பாட்டில் அந்த இடம் வர இன்னும் ஒரு சரணம் இருந்தது.

இமெல்டா பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தாள்.

பொன்மலைக் காலனி ஹாலில் அருளப்பன் வீட்டுத் திருமண வெள்ளிவிழா. கேக் வெட்டியாகிவிட்டது. கால் வலிக்காதவர்கள் ஜோடி ஜோடியாக ஆடிக்கொண்டிருந்தார்கள். மேடையின் முன்னால், பூப்போட்ட சட்டையில், அவள் கணவர் டெரிக். எலக்ட்ரிக் கிதார். பின்னால், டிரம்ஸை ஒட்டி, ஃபேன் காற்றுகூட வராத மூலையில், இமெல்டா. பேஸ் கிதார்.

அது என்னவென்று கேட்டால் காலனியில் பாதிப்பேர், "அடியில டும்டும்னு ஒண்ணு வருமே, அதுதானே?" என்பார்கள். மீதிப்பேர் அதை டிரம்ஸ் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இமெல்டாவுக்கு அந்த டும்டும்தான் பாட்டு.

பழைய ஆங்கில ராக் பாட்டுகளை டேப்ரிக்கார்டரின் மேல் கன்னத்தை வைத்துக் கேட்டு வளர்ந்தவள். பாடுகிறவன் நேர் ரோட்டில் போவான். பேஸ் சந்துக்குள் நுழையும். ஐயோ, வழி தப்பிவிட்டதே என்று கேட்கிறவர்களுக்குப் பதறும். அடுத்த சொல் விழுகிற இடத்தில், ஒன்றுமே நடக்காததுபோல், அவனுக்கு முன்னால் வந்து நிற்கும்.

அந்தத் திமிர் அவளுக்குப் பிடித்தது.

வாசித்தவன் பெயர் மட்டும் கேசட் அட்டையில் எறும்பு மாதிரி இருக்கும்.

இன்றைய பாட்டும் அந்த ரகம். நடுவில் எல்லோரும் நிறுத்திவிட, பேஸ் தனியாகப் போகும். அசல் பாட்டில் அது அடியிலேயே உலாத்திவிட்டு வந்துவிடும். இமெல்டா அதை மேலே ஏற்றினாள். கம்பிகள் முடிகிற கோடிவரை விரலைக் கொண்டுபோய், அங்கிருந்து மாடிப்படியில் எலுமிச்சம்பழங்கள் உருளுவதுபோல் இறக்கினாள். ஒரு மழைக்காலம் முழுக்க அடுப்படியில் உட்கார்ந்து கண்டுபிடித்தது. சாம்பார் தீய்ந்த கதையெல்லாம் தெருவுக்கே தெரியும்.

மேலே ஏற்றியதுதான் வினை. கேட்கிறவர்கள் காதுக்கு அது கிதார்போல் ஒலித்தது.

கிதார் டெரிக்கின் தோளில் அல்லவா தொங்குகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் வாசலில் பிளாரன்ஸ் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த நடுவுல வர்ற எடம் இருக்கே தம்பி, என்னா வெரலு! வெள்ளிவிழாவுல அதை விட்றாதீங்க."

"எல்லாம் மாதாவோட ஆசீர்வாதம்க்கா."

மாதாவுக்குப் பங்கு கொடுத்தார். பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றவளுக்குக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இமெல்டா கேட்டாள். கேட்டாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. எதிர்வரிசையில் ரெண்டு ஜன்னல் திறந்தன.

"ரெண்டும் நம்ம வீட்டு கிதார்தானேம்மா," என்றார் டெரிக். "இதுல என்ன உன்னுது, என்னுது?"

அன்றிலிருந்து சோறு போட்டாள். பேசவில்லை.

மேடையில் சரணம் முடிந்தது.

டிரம்ஸ் நின்றது.

இமெல்டா கம்பிகளிலிருந்து கையை எடுத்தாள்.

ஹாலில் ஃபேன்களின் சத்தம் மட்டும்.

தெரியட்டும் என்று நினைத்தாள். யாருடைய விரல் என்று இன்றைக்காவது தெரியட்டும்.

அப்போதுதான் டெரிக்கின் முதுகைப் பார்த்தாள். இத்தனை வருஷமும் மேடையில் அவளுக்குத் தெரிந்தது அந்த முதுகுதான். அது அசைந்துகொண்டிருந்தது. தோள் ஏறி இறங்கியது. தலை ஒரு பக்கம் சொக்கிச் சாய்ந்தது. வலது முழங்கை படபடவென்று அடித்துக்கொண்டது.

வாசித்துக்கொண்டிருந்தார்.

ஒரு கம்பியையும் தொடாமல், அவளுடைய எலுமிச்சம்பழங்களை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டிருந்தார்.

அப்படியானால் பிளாரன்ஸ் அக்கா முட்டாள் இல்லை. காலனியும் முட்டாள் இல்லை. கண்ணால் பார்த்ததைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

இமெல்டாவுக்குக் காது சுட்டது.

ஆடியவர்கள் நின்றார்கள். முன்வரிசையிலிருந்து பிளாரன்ஸ் அக்கா கத்தினாள்.

"தம்பி! உங்க வயர் புடுங்கிக்கிச்சு போல!"

டெரிக்கின் முழங்கை நின்றது. திரும்பிப் பார்த்தார்.

இமெல்டா இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

இப்போதுகூடச் சொல்லலாம். ஒரு வாக்கியம். மைக் அவர் வாய்க்கு நேராகவே இருந்தது.

அவள் காத்திருந்தாள்.

டெரிக் குனிந்தார். ஒரு குறையும் இல்லாத வயரைக் கிதாரிலிருந்து பிடுங்கினார். ஊதினார். கைக்குட்டையை எடுத்து, சாமி சிலையைத் துடைப்பதுபோல் பக்தியோடு துடைத்தார்.

"ஸாரி. வயர் மக்கர் பண்ணுது."

பாவம் மனுஷன் என்று ஹாலே கை தட்டியது.

இமெல்டா தன் வயரைக் கழற்றிக் கீழே போட்டாள். மேடையின் முன்னால் வந்தாள். பின்னால் இப்படி ஒரு பச்சைச் சேலை நின்றிருந்ததைப் பலர் அப்போதுதான் பார்த்தார்கள். தோராயமாக என்ன விலை இருக்கும் என்ற விசாரணைகூட ஆரம்பித்துவிட்டது.

கையை நீட்டினாள்.

இன்னும் கொஞ்சம் துடைத்துத் தரப்போகிறாள் என்று நினைத்திருப்பார். வயரைக் கொடுத்தார்.

அவள் அதைத் தன் கிதாரில் செருகினாள்.

முன்னாலிருந்த ஸ்பீக்கர் பெட்டி ஒருமுறை உறுமி அடங்கியது.

விரலைக் கம்பிகள் முடிகிற கோடிக்குக் கொண்டுபோனாள். பிறகு, வயர் இல்லாத கிதாரோடு பக்கத்தில் நின்ற புருஷனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ம். வாசிங்க," என்றாள்.

மைக் திறந்தே இருந்தது.