லிஃப்டில் இடைவேளை

ஸ்ட்ரெச்சர் உருள, ஜெனோவா கூடவே ஓடிக்கொண்டு கதை சொன்னாள். படுத்திருந்தவர் மேனேஜர் குலசேகரன். புதிய கதாசிரியர்களைத் தயாரிப்பாளர்கள் முன்னால் கொண்டுபோய் உட்கார வைப்பவர். அவர் சேர்த்துக்கொண்டால்தான் அவளுடைய சினிமாக் கதையை யாராவது கேட்பார்கள். “பித்தப்பையில கல்லும்மா. ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போறதுக்குள்ள சொல்லி முடிச்சிடு” என்று அவரேதான் வரச்சொல்லியிருந்தார்.

லிஃப்டில் இடைவேளைக் காட்சி வந்தது. தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ், “அந்தப் பொண்ணு தப்பிச்சாளா இல்லையாக்கா?” என்றாள்.

“நீ வண்டியப் பாத்துத் தள்ளும்மா. மோதினா நான் தப்பிக்க மாட்டேன்” என்றார் குலசேகரன்.

தியேட்டர் வாசலில் ஜெனோவாவை நிறுத்திவிட்டார்கள். குலசேகரன் கையை உயர்த்தினார். பிடிக்காத கதை என்றால், “நேரா கிளைமாக்ஸுக்கு வா” என்று அவர் வெட்டிவிடுவது சினிமாக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஜெனோவா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“கிளைமாக்ஸ இப்ப சொல்லாத. மயக்கம் தெளிஞ்சதும் அதைத்தான் முதல்ல கேக்கணும். இனிமே நீ நம்ம ஆளு.”

கதவு மூடியது. அவள் சிரித்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்து, பைக்குள் பேனாவைத் தேடினாள். அந்தக் கதைக்கு இன்னும் கிளைமாக்ஸே கிடையாது.