இம்மி நகராத கல்

ஆமை இந்தக் கதையைப் பல வருஷமாகவே நம்பவில்லை. சொன்னது, குளத்து நடுவில் நின்ற, மூலை உடைந்த எல்லைக்கல்.

"மாவட்டத்தைப் பிரிச்ச அன்னிக்கு சர்வேயர் என்னை இங்கேதான் நட்டார். இம்மி நகரலை. ரெண்டு கலெக்டருக்கும் எல்லை சொல்றவன்டா நான்!"

பாதிக் குளம் பக்கத்து மாவட்டத்துடையது என்று சொல்லி இரண்டு அலுவலகமும் தூர்வாரக் கைவிரித்தன. இந்தக் கோடையில் ஆமைக்கு முதுகு நனையத் தண்ணீர் இல்லை. காய்ந்த சேறு வெடித்ததில் தென்கரை ஓரம் ஒரு சதுரக் குழி தெரிந்தது. கல் அங்கே நின்றிருந்தால் குளம் முழுக்க ஒரே மாவட்டம். ஆமை குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, மெல்ல ஊர்ந்து கல்லிடம் வந்தது.

"இம்மி நகராத பெரியவரே, உங்க உடைஞ்ச மூலை மட்டும் அந்தக் குழிக்கு எப்படி நடந்து போச்சு?"