ஜோடிப் பயிற்சி

ஆங்கில ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாம். முதல் வரிசை டீச்சரையும் கடைசி வரிசை வாத்தியாரையும் பயிற்சியாளர் முன்னால் அழைத்தார்.

"சார், நீங்க ஓட்டல் சர்வர். காபி கொண்டுவர மறந்துட்டீங்க. மேடம்தான் கஸ்டமர். இங்கிலீஷ்லயே பேசணும்."

டீச்சர் ஆங்கிலத்திலேயே பொரிந்து தள்ளினார். எப்போது பார்த்தாலும் மறதி, சொன்னால் காதில் வாங்குவதே இல்லை!

"ஐ ஆம் சாரி... வெரி வெரி சாரி," என்றார் வாத்தியார், நிஜமாகவே கைகூப்பி. டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே கைதட்டல்.

"பிரமாதம்! முன்னாடியே பழக்கமா?"

"நாங்க பேசிக்கிறதே இல்லை சார்," என்றார் டீச்சர்.

மாலையில் டீச்சர் அதே வாத்தியாரின் ஸ்கூட்டரில் ஏறியதும் பயிற்சியாளர் திகைத்தார்.

"அதுக்குள்ள இவ்வளவு சிநேகமா?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்த வண்டிதான் சார். என் பிறந்தநாளை மறந்துட்டாரு, அதான் இந்த வாரம் பஸ்ல வந்தேன்!"